ஒப்பாரியில் வந்த சேதி

அம்மிணி,

அப்பா கடிதம் எழுதுகிறேன் என்றதும் பயந்துவிடாதே. எனக்கு ஒன்றும் இல்லை. சுகர் இருக்கிற இடத்தில் இருக்கிறது, தொப்பை போகிற இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நான் கேலி பேசுவேன், நீ சிரிப்பாய், நீ சிரித்தால் எனக்கு இன்னும் நாலு கேலி வரும், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். நாம் இரண்டு பேரும் விளையாடி முடிக்கும்வரை பொறுத்திருந்து, என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, கேட்க வேண்டியதைக் கேட்பது உன் அம்மா வேலை. இப்போது பிடுங்க ஆள் இல்லை. அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கன்னடம் என்றால் பஸ் போர்டு மாதிரி ஓடுகிற ஓட்டத்தில் படிப்பாய், தமிழ் என்றால் எழுத்துக் கூட்டித்தான் உனக்கு வரும். மூன்றாம் வகுப்போடு நின்ற நானும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். சரிக்குச் சரி. மெதுவாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாய். பியூனஸ் அயர்ஸில் உங்கள் ஆர்கெஸ்ட்ராவில் பாண்டோனியோன் என்கிற அந்த இழுத்து மூடுகிற பெட்டியை வாசிக்கிறவர்கள் முன்வரிசையில் உட்காருவார்கள், அதில் ஒரு நாற்காலி உன்னுடையது, அம்மா போனதிலிருந்து அது சும்மா கிடக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் நீ வராவிட்டால் வேறு ஆளை உட்கார வைக்க வேண்டியிருக்கும் என்று உங்கள் குழுத்தலைவி சொல்லிவிட்டார். "நல்லதாப் போச்சுப்பா, அந்த நாற்காலில உக்காந்தா இடுப்பு வலிக்குது" என்றாய். நானும் சிரித்தேன். பெட்டி எங்கே என்று கேட்டேன். அலமாரிக்கு மேலே என்றாய். ஏன் எடுப்பதில்லை என்று கேட்டதற்கு, துக்க வீட்டில் ஒரு வருஷம் பாட்டு கூடாது என்று அத்தைதானே சொன்னார் என்றாய். அப்புறம் உன் சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மா என்னைக் கூப்புட்டப்ப நான் மேடையில வாசிச்சுட்டு இருந்தேன்ப்பா" என்று சொல்லிவிட்டு, நெட் சரியில்லை என்று வைத்துவிட்டாய். நெட் நன்றாகத்தான் இருந்தது கண்ணு. உன் மூக்கு உறிஞ்சுகிற சத்தம்கூட மைசூர்வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

அந்த வாரம் முழுக்க நான் ஒரு டாக்டர் வீட்டில், பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரைத் தேய்க்கத் தேய்க்க நீ சொன்னதுதான் காதில் ஓடியது. முதலில் அத்தை விஷயத்தை எடுத்துக்கொண்டேன். நீ உன் அத்தை பேச்சை எந்தக் காலத்தில் கேட்டிருக்கிறாய்? முடியை வெட்டாதே என்றாள், அவள் ஊருக்குப் பஸ் ஏறின அன்றைக்கே போய் வெட்டிக்கொண்டு வந்தாய். மாமன் மகனைப் பார் என்றாள், அவன் மீசையைப் பற்றி நீ சொன்னதை இங்கே எழுத முடியாது. அப்படிப்பட்டவள் இந்த ஒன்றில் மட்டும் அத்தைக்கு அடங்கின பிள்ளை ஆகிவிட்டாய் என்றால் யார் நம்புவார்கள்? அத்தையின் பேச்சு உனக்கு ஒரு போர்வை. உள்ளே படுத்திருப்பது வேறு. அது என்ன என்று யோசித்தபோதுதான் ஏணியிலேயே நின்றுவிட்டேன். அம்மா உன்னைக் கூப்பிட்டாள் என்று உனக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லையே.

இரு, முழுக்கச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன், அவளைப் பற்றிப் பேச இப்போது எனக்கு ஆளில்லை.

அந்த மாதிரி ஒரு பெட்டி முதல்முதலில் நம் வீட்டுக்கு வந்ததே உன் அம்மாவால்தான். இங்கே மைசூரில் கோகுலம் ஏரியாவில் யோகா படிக்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அவள் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அதில் ஒரு அர்ஜென்டினாக்காரர், நெட்டையாக, முதுகு வலியோடு. மழைக்காலத்தில் கேரளாவுக்கு வைத்தியத்துக்குப் போகும்போது தன் பெட்டியை அவளிடம் விட்டுப் போனார். தினமும் ஒருமுறை திறந்து மூடுங்கள், இல்லாவிட்டால் மடிப்பெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும் என்று சொல்லியிருந்தார். அவள் அக்ரஹாரத்துக்குப் பின்னால் இருக்கிற நம் வீட்டுக்கு ஆட்டோவில் வைத்து, மடியில் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே வசம்பும் அந்துருண்டையும் போட்டாள். திறந்து மூடுகிற வேலையை, கணபதி சீசனில் கீபோர்டு வாசித்துவிட்டு மற்ற மாதமெல்லாம் ஊர் சுற்றிக்கொண்டிருந்த உன் தலையில் கட்டினாள். ஒரு பொத்தானை அமுக்கி இழுத்தால் ஒரு சத்தம், அதே பொத்தானை அமுக்கி மூடினால் வேறு சத்தம் வருகிறதே என்று நீ தலையைப் பிய்த்துக்கொண்டாய். இதில் என்ன அதிசயம், உன் அம்மாவும் அப்படித்தான், கதவைத் திறந்து என்னை உள்ளே விடும்போது ஒரு பேச்சு, மூடின பிறகு வேறு பேச்சு என்றேன். கரண்டி பறந்து வந்தது. குனிந்துகொண்டேன். அப்போதெல்லாம் எனக்கு நன்றாகக் குனிய வரும்.

மழை விட்டு அவர் திரும்பி வந்தபோது நீ உள்ளே வாசித்துக்கொண்டிருந்தாய். மனுஷன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், அது அவர் பெட்டி, என்ன செய்வது. நீதான் பித்துப் பிடித்தவள் மாதிரி முட்டியின் மேல் தலையணையை வைத்து இழுத்துக்கொண்டு கிடந்தாய். பிறகு போனிலேயே தேடி, பியூனஸ் அயர்ஸில் டாங்கோ இசை சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்து, பெட்டி இருந்தபோது வாசித்துப் பதிந்ததை அனுப்பி, இடமும் வாங்கிவிட்டாய். சொந்தக்காரர்கள் எல்லாம், பெண்பிள்ளையை உலகத்துக் கடைசிக்கா அனுப்புவீர்கள் என்று கேட்டார்கள். "கட்டிக் குடுத்தா மட்டும் பக்கத்துத் தெருவுலயா இருக்கப் போறா?" என்று உன் அம்மா ஒரே கேள்வியில் வாயை அடைத்தாள். நீ கிளம்பும்போது, அங்கேயும் பூச்சி இருக்கும் என்று வசம்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். ஏர்போர்ட்டில் அதை என்னவோ ஏதோவென்று பிரித்துப் பார்த்தார்களாம். அந்தக் கதையை வீதி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். உன்னை அனுப்பின வருத்தத்தை அப்படித்தான் கரைத்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

அங்கே நீ பட்ட பாட்டை எங்களிடம் பாதிதான் சொல்லியிருப்பாய். பகலில் பேக்கரியில் நின்று சொந்தமாக ஒரு பெட்டி வாங்கினாய், சாயங்காலம் டான்ஸ் கூடங்களில் யாராவது வராத நாளுக்கு மாற்றாளாக வாசித்தாய். இந்தியாவிலிருந்து வந்திருக்கிறாயே, பெட்டிக்குள் பாம்பு இருக்கிறதா என்று ஒருவன் கேட்டானாம். மெல்ல மெல்ல அந்த முன்வரிசை நாற்காலி கிடைத்தது. முதல் வீடியோ வந்த அன்று நானும் உன் அம்மாவும் போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். நீ கறுப்புச் சட்டையில், மடியில் பெட்டி, கண்ணை மூடிக்கொண்டு. எதிரே ஆணும் பெண்ணுமாக ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நடந்தார்கள். உன் அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யாரு செத்தாங்க?" என்று கேட்டாள். அதைப் போனில் உன்னிடம் சொன்னபோது நீயும் விடவில்லை. அது டான்ஸ்தான், ஆனால் பாட்டெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று ஒன்றை விளக்கினாய். அம்மா தனியாகக் காத்திருந்து செத்துப்போனாள், நான் வராமல் போனேன் என்று ஒருவன் உருகி உருகிப் பாடுகிறான். "அவங்கம்மா முன்னாடி வரிசையில உக்காந்து கைதட்டிட்டு இருக்காங்கம்மா" என்றாய். உன் அம்மா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

அதை நீதான் சொன்னாய் என்பதை ஞாபகம் வைத்துக்கொள். பின்னால் உன்மேலேயே திருப்பி அடிக்கப் போகிறேன்.

அவள் போன அன்றைக்கே எடுத்துவிட்டோம். நீ வரும்வரை வைத்திருக்கலாம் என்று எனக்கு ஆசைதான், பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அன்றைக்கு எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. நீ வந்து சேர்ந்தது மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு நாங்கள் திரும்பி வந்த நேரம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வாசலில் நின்றாய். பொம்பளைகள் எழுந்து வந்து உன்னைக் கட்டிக்கொண்டார்கள். நடுவில் உன் அத்தை. அவள் எடுத்தால் அந்த வீதியில் நிற்கிற மாடுகூட அழும், உனக்குத் தெரியாது, நீ அதற்கு முன்னால் அவள் ஒப்பாரி கேட்டதில்லை. மைசூரில் வளர்ந்த பிள்ளை, நம் ஊர்ச் சாவுக்கெல்லாம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனதும் இல்லை. உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் பாடினாள்.

வாசலைப் பார்த்திருந்தா, வழியெல்லாம் பார்த்திருந்தா,
மகளே மகளேன்னு மூச்சு விட்டுக் கூப்புட்டா.

இந்த அடி ஞாபகம் வந்தபோதுதான் டாக்டர் வீட்டு ஏணியில் எனக்குக் கை நின்றது. நீ அதைச் சேதி என்று எடுத்துக்கொண்டாய் அம்மிணி. நடந்ததை அத்தை அழுதுகொண்டே சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாய். போனில் நான் விட்டிருந்த மிஸ்டு கால்களையும் அந்த அடியையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, அங்கே அம்மா கூப்பிடக் கூப்பிட இங்கே நான் வாசித்தேன் என்று ஒரு கதை கட்டி, அதை யாரிடமும் கேட்காமல் பெட்டியோடு சேர்த்து அலமாரி மேலே ஏற்றிவிட்டாய்.

டாக்டர் வீட்டு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அத்தையைப் பார்க்க நம் ஊர் கோபிநத்தத்துக்குப் பஸ் ஏறினேன். உன் அத்தை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒப்பாரியை நீ நிஜச் சேதி என்று நம்பிவிட்டதைச் சொன்னேன். கை அப்படியே நின்றுவிட்டது. "பாட்டுலதானடா சொன்னேன்" என்றாள். "பாட்டுன்னா ஒரு மகள் வேணும், அவளைக் கூப்புடணும். இல்லீன்னா எப்புடி அழுகுறது? அந்தப் புள்ள அதையா புடிச்சுட்டுக் கெடக்குது?" அவள் சொன்னது பொய் இல்லை. எங்கள் பெரியப்பா மகன் லாரிக்காரன் செத்தபோதும் இதே மகளே மகளேதான். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. எந்த மகள் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, எல்லாரும் அழுதார்கள். உங்கள் ஊரில் உயிரோடு இருக்கிற அம்மாவை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு அந்த டாங்கோக்காரன் பாடவில்லையா? அதைப் பாட்டு என்று தெரிந்த உனக்கு, இதைப் பாட்டு என்று தெரியாமல் போய்விட்டதே. எந்த ஊர் இசையெல்லாமோ கற்றுக்கொண்டாய், சொந்த அத்தையிடம் ஏமாந்துவிட்டாய்.

இதற்கு நீ சிரித்தால் போதாது, மேலே கேள். ஒரு வருஷக் கட்டுப்பாட்டையும் கேட்டுவிடுவோம் என்று கேட்டேன். கல்யாணம் காட்சி, பண்டிகை, திருவிழா இதெல்லாம்தான் கூடாது என்றாள். அப்படியானால் அவள் வேலைக்கு ஏன் போகக் கூடாது என்றேன். என்ன வேலை என்றாள். பெட்டி வாசிப்பதுதான் அவள் வேலை என்றேன். உன் அத்தைக்கு இத்தனை வருஷமாக அது தெரியாது. நீ அங்கே ஏதோ ஆபீஸில் இருக்கிறாய், பொழுதுபோகாமல் பெட்டி வாசிக்கிறாய் என்று நினைத்திருக்கிறாள். அதற்குச் சம்பளம் தருவார்களா என்று கேட்டாள். தருவார்கள் என்றேன். "அப்ப எதுக்குடா சும்மா உக்காந்திருக்கா? நீ பெயிண்ட் அடிக்கப் போகலியா? அவளைப் போகச் சொல்லு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் புளிக்கையோடே முந்தானையில் கண்ணைத் துடைத்து, எரிச்சல் தாங்காமல் என்னைத் திட்டினாள். உன்னிடம் அவள் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் அழுதது என் தம்பி பொண்டாட்டிக்கு. அந்தப் புள்ளையைக் குத்துறதுக்கு இல்ல."

இப்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். நீ கேட்கவில்லை, கேட்கப் பயந்திருப்பாய். நானும் சொல்லவில்லை. சொல்ல அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அவள் போவதற்கு முந்தின நாள் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், உனக்கு எதுவும் சொல்லக் கூடாது, கச்சேரி நேரம் என்று அவள்தான் தடுத்தாள். ஊசி போட்டார்கள், நன்றாகத் தூங்கினாள். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விடிகிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். முகம் தெளிவாக இருந்தது. வீட்டில் கேஸை மூடினாயா என்று கேட்டாள். கோகுலத்து வெள்ளைக்காரம்மாவுக்கு இன்றைக்கு உப்புமா இல்லை என்று போன் பண்ணச் சொன்னாள். பெயிண்ட் பட்ட சட்டையோடு டாக்டர் முன்னால் நிற்கிறாயே, வேறு சட்டையே இல்லையா என்று திட்டினாள். பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மாவிடம், இந்த ஆளைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாட்டைப் பாருங்கள் என்று கன்னடத்தில் சொன்னாள். அந்த அம்மா சிரித்தார். இவ்வளவுதான் அவள் பேசினது. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகளே என்றும் இல்லை, உன் பேரும் இல்லை. இதைப் படிக்கும்போது உனக்குக் கொஞ்சம் வலிக்கும், வலிக்கட்டும். உன்னைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்திருந்தால் பேசியிருப்பாள். கேஸைப் பற்றிக் கவலை இருந்தது, என் சட்டையைப் பற்றி இருந்தது. நீ உன் இடத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறாய் என்று அவளுக்குத் தெரியும். அங்கே உனக்கு ராத்திரி, மேடை நேரம் என்று கணக்குப் போடத் தெரிந்தவள் அவள்தான், எனக்கு அந்தக் கணக்கு இன்றைக்கும் வராது.

அப்புறம் காப்பி கேட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற தண்ணி வேண்டாம், வெளியே கடையில் வாங்கி வா, சர்க்கரை கம்மியாக என்றாள். கீழே இறங்கிப் போனேன். கடைக்காரர் அப்போதுதான் பால் பொங்கவிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? அவரோடு ஏதோ கேலி பேசிக்கொண்டு நின்றேன். வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். வெளியே நின்ற நர்ஸம்மா சொன்னார்கள், உன் அம்மா ஒருமுறை கூப்பிட்டாராம். "அவரு வந்துட்டாரா?" என்று. அவ்வளவுதானாம்.

கூப்பிட்டது என்னை, அம்மிணி. வராதவன் நான். உன் போனில் இருந்த மிஸ்டு கால் எல்லாம் அதற்கு அப்புறம் நான் அடித்தது. அவள் கை போனைத் தொடவே இல்லை.

அந்தக் காப்பியை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். யாரோ வாங்கி வைத்தார்கள். அதற்கப்புறம் எனக்குக் காப்பி ஆகவில்லை. வாசனை வந்தாலே எதிர்ப்பக்கம் நடப்பேன். வேலைக்குப் போகிற வீடுகளில் கொடுத்தால், டாக்டர் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று பொய் சொன்னேன். இப்படியே ரொம்ப நாள் போயிற்று. ஒருநாள் காலையில் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு வீட்டுக்கு அளவு எடுக்கப் போனவன், கால் தானாக நின்று, அதே கடையில் ஒரு காப்பி சொன்னேன். கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இல்லை. வாயில் வைத்தேன், இறங்கவில்லை, துப்பவும் மனம் வரவில்லை. ஆறிப்போகிறவரை நின்றுவிட்டு டம்ளரை வைத்துவிட்டு வந்தேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். இப்போது தினமும் காலையில் அங்கேதான் என் காப்பி. ஒவ்வொரு வாயும், வந்துட்டாரா என்று கேட்டுக்கொண்டுதான் தொண்டையில் இறங்குகிறது.

ஆனால் இறங்குகிறது, கண்ணு. எழுந்து போய்ப் பெட்டியை இறக்கு.